லீசுப் பணம் எட்டு லட்சம்

5.5, திங்கள்

காலையிலிருந்து வெயில். மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து ஆலங்கட்டி மழை. மொட்டைமாடியில் காயவைத்த மிளகாய் அரைக்கிலோ போச்சு.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. கடைசி அன்பளிப்பு. டைரி ஒன்று, ஸ்டீல் டப்பா ஒன்று, செட்டில்மெண்ட் ஏழு லட்சம். பத்தொன்பது வருடம் ஏற்றுமதிச் சட்டைகளில் குறை தேடியதற்கு. தையல் விட்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் சட்டை திரும்பிப் போகும். இனி ஒட்டுவதற்குச் சட்டை இல்லை. லைனையே எடுத்துவிட்டார்கள்.

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் ஒருநாள் வகுப்பு. வங்கி ஏலச் சொத்தில் முதலீடு செய்வது எப்படி. கட்டணம் 1,999, சாப்பாடு உட்பட. கோட் போட்ட ஒரு தம்பி பேசினான். அவனைக் 'கோச்' என்று கூப்பிட வேண்டுமாம். எழுதிக்கொண்டவை:

– கடன் கட்டாதவர் வீட்டை வங்கி ஏலம் விடும். பேப்பரில் அறிவிப்பு வரும். வெளி விலையைவிடக் குறைவு.
– ஆரம்ப விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணம்.
– ஏலம் எடுத்தால் மறுநாளுக்குள் கால் பங்கு. மீதி பதினைந்து நாளில். தவறினால் கட்டிய பணம் வங்கிக்கு.
– வில்லங்கம் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

"எமோஷன் இருக்கறவங்க இப்பவே எழுந்து போயிடலாம்" என்றான். யாரும் எழவில்லை. சாப்பாடு அப்போது இன்னும் போடவில்லை.

ஆக, நான் முதலீட்டாளர். வீட்டில் இவரிடம் சொன்னேன். "முதல்ல மாடியில மிளகாய அள்ளு" என்றார்.

7.5, புதன்

டீக்கடையில் பழைய பேப்பர் ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்தேன். பஜ்ஜி மடிக்க வைத்திருந்தது. ஏல அறிவிப்புகளை மட்டும் வெட்டினேன். எறும்பு மாதிரி எழுத்து. கடன்தாரர் பெயர், அவர் அப்பா பெயர், ஜாமீன் போட்டவர், அவர் மனைவி, வீட்டு விலாசம், பாக்கி எவ்வளவு, எல்லாம் ஊர் படிக்க. கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பெயர் வராது.

பார்த்தவை:

1. பாகலூர் ரோடு, அடுக்குமாடி. 41 லட்சம். நமக்கு இல்லை.
2. தளி பக்கம் இரண்டு ஏக்கர், பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டம். பாவம் யாரோ.
3. கிருஷ்ணகிரி, மாங்கூழ் கம்பெனி, மெஷினோடு. எடுத்து என்ன செய்வேன், மெஷினுக்குச் சோறு போடவா.
4. சூளகிரி. 600 சதுரடியில் வீடு, இரண்டு ரூம். ஆரம்ப விலை 19 லட்சம். ஒருமுறை ஏலம் விட்டு யாரும் வராமல் இரண்டாம் முறை. அடியில் கோடு போட்டேன்.

வில்லங்கம் போனிலேயே பார்க்கக் கற்றுக்கொண்டேன். சர்வே எண் போட்டால் போதும். யார் யாருக்கு விற்றார், எந்த வருடம் எங்கே அடமானம், வரிசையாக வந்து விழுகிறது. காசு கிடையாது. இதற்கா மனிதர்கள் வக்கீலுக்கு அழுகிறார்கள்.

கைக்கணக்கு. செட்டில்மெண்ட் ஏழு. மகள் ரம்யாவுக்குச் சேர்த்த நகையை அடகு வைத்தால் நாலேகால். (நர்சிங் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை.) அப்புறம் இந்த வீட்டு லீசுப் பணம் எட்டு.

லீசு வீட்டுக்கு வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியது. காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். அதன் வட்டி அவருக்கு, வீடு நமக்கு. பெங்களூரில் ஆரம்பித்து ஓசூர் முழுக்க இதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இது ஐந்தாவது வீடு. ஐந்திலும் ஆணி அடிக்க அனுமதி கேட்டுத்தான் அடித்தேன்.

சூளகிரி வீட்டை எடுத்தால் அங்கேயே இரண்டு வருடம் இருந்துவிட்டு விற்க வேண்டும். அல்லது விற்காமலே இருக்க வேண்டும். அதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.

12.5, திங்கள்

சூளகிரி போய் வந்தேன். வீட்டைப் பார்க்க வங்கி கொடுத்த நாள். ரோடு முழுக்க மாங்காய் லாரி, பஸ் நகரவில்லை.

வங்கி ஆபீசர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. கதவில் அரக்கு சீல், பூட்டு. திறந்துவிட்டார். என்னைத் தவிர ஒரு புரோக்கர், பெங்களூரிலிருந்து வந்த ஒருவர். அவர் உள்ளேயே வரவில்லை. "ரோடு எஷ்டு அடி?" என்று கன்னடத்தில் கேட்டார், இருபது அடி என்றதும் காரில் ஏறிவிட்டார்.

நான் மட்டும் மூலை மூலையாகப் பார்த்தேன். ஹாலில் ஓர் ஓரம் ஈரம். பாத்ரூம் கதவு கீழே உப்பியிருக்கிறது. சமையல்மேடை கருங்கல், நல்லது. சன்னல் நான்கு. என் பழக்கத்துக்கு ஆறு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன், ஆனால் திருப்பி அனுப்பும்படி எதுவும் இல்லை.

வெளியே வந்தால் கேட்டருகே ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும், தலையில் முக்காடு, கையில் பிளாஸ்டிக் கவர். ஆபீசர் "வந்துட்டாங்க" என்று முணுமுணுத்தார். பெயர் ஷாஹிதா. இந்த வீட்டில் லீசுக்கு இருந்தவள்.

"எங்கூட்டுக்காரு பழ வண்டி தள்றாருங்க. ஆறு லட்சம் குடுத்து உக்காந்தோம். ஓனரு லோனு வாங்கினது எங்களுக்கு என்னாங்க தெரியும்? பேங்க்காரங்க பூட்ட வந்தப்ப அடுப்புல சோறு கொதிச்சிக்கினு இருந்துது. வடிக்கக்கூட உடல."

கவரிலிருந்து இருபது ரூபாய் பத்திரத்தை எடுத்துக் காட்டினாள். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே இல்லை.

"அது ரிஜிஸ்டர் பண்ணாத அக்ரிமெண்ட். பேங்குக்கு அது கணக்கே இல்ல மேடம். ஓனர் மேல கேஸ் போடச் சொல்லியிருக்கோம்" என்று ஆபீசர் எனக்குச் சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஓனர் எங்கே என்றேன். போன் எடுப்பதில்லையாம்.

"அக்கா, நீங்க எடுத்தீங்கன்னா எங்க காசுல கொஞ்சமாச்சும் தருவீங்களா?" என்று ஷாஹிதா கேட்டாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "தண்ணி தினம் வருமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?" என்று கேட்டேன்.

"ஒருநாள் உட்டு ஒருநாள். மோட்டார் சுச்ச ஈரக் கையோட போடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வகுப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஷாஹிதா விஷயத்தைப் போட்டேன். கோச் பதில்: "அதனாலதான் ரேட் கம்மி மேடம். சூப்பர் டீல்."

14.5, புதன்

மேகமூட்டம். காற்று.

நம் ஓனர் நாகராஜ் சார் வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருதான். ஹாலோ பிளாக் கல் போடுகிற பட்டறை வைத்திருக்கிறார். விஷயம் சொன்னதும் சந்தோஷப்பட்டார்.

"சொந்த வூடா? ரொம்ப நல்லதும்மா. ஆனா ரொக்கமா என்கிட்ட எங்க இருக்குது? நீங்களே ஒரு லீசு பார்ட்டி பாத்துக் கூட்டிக்கினு வாங்க. அவங்க குடுக்கறத அப்பிடியே உங்க கையில குடுத்துடறேன்."

இதில் புதிது ஒன்றுமில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவருக்குப் போனதும் எங்கள் பணம்தான். வருகிறவன் பணத்தில் போகிறவன் போவான். எட்டு லட்சத்துக்கு ஆள் பிடிக்க ஓசூரில் எத்தனை நாள் ஆகும், ஒரு வாரம்.

வங்கியில் முன்பணம் 1,90,000 கட்டிவிட்டேன். ராத்திரி வீட்டில் இவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த வூட்ல இருந்தவங்க என்ன ஆனாங்க?" தெரியாது என்றேன்.

21.5, புதன்

ஏலம். 11 முதல் 12 வரை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். மணிக்கு நாற்பது ரூபாய், மின்விசிறி ஓடவில்லை.

11.20க்கு 19,25,000 அடித்தேன். 11.40, எதிரே யாரும் இல்லை. 11.55, இல்லை. 12.00. எடுத்தது நான்.

சந்தோஷம். டைரிக்குத் தெரியட்டும், சந்தோஷம். பாதுஷா அரைக்கிலோ. இவரும் இரண்டு சாப்பிட்டார். "எந்த ரூமு ரம்யாவுக்கு?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் இவர் வாயில் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

22.5, வியாழன்

முன்பணத்தோடு சேர்த்துக் கால் பங்கு கட்டியாச்சு, 4,81,250. மீதி 14,43,750. கடைசி நாள் 5.6. கையில் மிச்சம், நகை, லீசுப் பணம், மூன்றும் கூட்டினால் சரியாக வருகிறது. பத்து ரூபாய்கூட மிஞ்சாது. பத்திரச் செலவுக்கு இவர் கம்பெனியில் லோன்.

நகை அடகு வைத்தாச்சு. வாசல் கேட்டில் அட்டை கட்டினேன்: வீடு லீசுக்கு.

24.5, சனி

தூறல். துணி காயவில்லை.

தபால்காரர் வந்தார். நாகராஜ் சார் பேருக்கு ரிஜிஸ்டர் தபால், இந்த விலாசத்துக்கு. எப்போதாவது வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இன்று அனுப்பியவர் முத்திரையைப் பார்த்தேன். ஒரு வங்கி. கடன் வசூல் பிரிவு. மூன்று வாரமாக இந்த மாதிரிக் கவர்களின் படத்தைத்தானே குரூப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிரித்தேன். அடுத்தவர் தபால், தப்புதான்.

பட்டறைக்கு வாங்கிய கடன். இந்த வீடு ஈடு. பாக்கி 31 லட்சம் சொச்சம். அறுபது நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கதவில் நோட்டீஸ். பிறகு பேப்பர். பிறகு பூட்டு, அரக்கு.

போனில் இந்த வீட்டு வில்லங்கம் போட்டேன். நான்கு நிமிடம். அடமானம் பதிவாகி மூன்று வருடம். நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே வைத்திருக்கிறார்.

மூன்று வாரமாக ஊரான் வீட்டு வில்லங்கமெல்லாம் பார்த்தேன். ஒன்பது வருடம் படுத்துத் தூங்கிய வீட்டுக்குப் பார்க்கவில்லை. லீசுக்கு வரும்போது என்னென்ன கேட்டோம்? தண்ணீர் வருமா. கரண்ட் தனி மீட்டரா. அடுப்பு கிழக்குப் பார்த்ததா. வண்டி நிறுத்த இடம். எட்டு லட்சம் கொடுக்கிறோம், வில்லங்கம் கேட்கவில்லை. லீசுக்குப் போகிற யாரும் கேட்பதில்லை. அது வீடு வாங்குகிறவன் பார்க்க வேண்டியது என்று ஒரு நினைப்பு. திட்ட வேண்டுமென்றால் என்னைத்தான் திட்ட வேண்டும். திட்டிக்கொண்டேன்.

25.5, ஞாயிறு

கவரோடு நாகராஜ் சார் வீட்டுக்கு.

"ஏம்மா, அடுத்தவங்க தபால பிரிக்கலாமா?" என்றார் முதலில். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"கட்டிக்கினுதாம்மா இருந்தேன். ரெண்டு பெரிய பார்ட்டி கல்லு எடுத்துட்டு காசு தரல. வந்துடும். ரெண்டு மாசத்துல நேர் பண்ணிடுவேன்."

"எங்க எட்டு லட்சம்?"

"நாந்தான் சொன்னனே. ஆளு வரட்டும், அந்த நிமிஷமே உங்க கையில."

"வர்றவங்க கிட்ட இத சொல்ல வேணாமா?"

"சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. ஆளு வராது, உங்க காசும் வராது. என்னுது எல்லாம் ஏற்கெனவே போயிடுச்சும்மா. எனக்கு என்ன."

மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்னது நிஜம், அதுதான் எரிகிறது. அவர் மனைவி காபி கொண்டுவந்தார், தெலுங்கில் ஏதோ சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி நன்றாக இருந்தது. முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

27.5, செவ்வாய்

வங்கி. அதே ஹெல்மெட் ஆபீசர். மீதிப் பணத்துக்கு ஒரு மாதம் தவணை கேட்டேன்.

"எழுதிக் குடுங்க மேடம், மேல அனுப்பறேன். ஆனா பிராமிஸ் பண்ண மாட்டேன். அஞ்சாம் தேதி தாண்டினா நீங்க கட்டின நாலு எண்பத்தொண்ணு திரும்ப வராது."

எழுதிக் கொடுத்தேன். மாலையே போன். மேலே ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று வீடு பார்க்க இரண்டு பேர். ஒருவருக்கு அடுப்பு திசை பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு மாடிப்படி பிடிக்கவில்லை. போனதும் நிம்மதி. அடுத்த நிமிடம் ஆத்திரம். மாடிப்படி பிடிக்கவில்லையாம், துரைக்கு.

இவரிடம் இன்னும் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

29.5, வியாழன்

வெயில். ஒரு ஜோடி வந்தது. கணேசன், செல்வி. தென்காசிப் பக்கம். கணேசன் இவர் வேலை பார்க்கும் கம்பெனிதான். இவர்தான் வீடு காலியாவதைச் சொல்லியிருக்கிறார். செல்விக்கு ஆறாம் மாதம். படியேறி மூச்சு வாங்கினாள், தண்ணீர் கொடுத்தேன்.

"எங்க ஊர்ல இத ஒத்திம்பாவ. இங்க லீசுங்காவ. ரெண்டும் ஒண்ணுதானக்கா?" என்றாள்.

ஒன்றுதான் என்றேன்.

ரூம் ரூமாகப் பார்த்தாள். சமையலறையில் நின்று கையை நீட்டி அலமாரி எட்டுகிறதா என்று பார்த்தாள். தொட்டில் கட்டக் கொக்கி இருப்பதைக் கணேசனிடம் காட்டினாள். "வைகாசி முடியுறதுக்குள்ள வந்துரணும்க்கா. ஆனி, ஆடியில குடிவந்தா ஆவாதும்பாவ."

பிறகு கேட்டாள். "இந்த வீட்ல இருந்துதான் சொந்த வீடு வாங்கிட்டுப் போறியளாக்கா?"

ஆமாம்.

"பாத்தியளா" என்று கணேசனிடம் திரும்பினாள். "நாஞ் சொல்லல? இருந்தவுக கடனாயி காலி பண்ணுன வீட்டுக்குப் போவக் கூடாது. சொந்த வீடு வாங்கிட்டுப் போற வீடுதான் ராசி." நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கேட்டில் கட்டிய அட்டையைவிட நான் வாங்கிய வீடுதான் பெரிய விளம்பரமாகிவிட்டது.

பணம் அவள் அப்பா கொடுப்பது. வயலில் பாதியை விற்றது. நகை போடுகிறேன் என்றாராம், இவள்தான் நகை வேண்டாம் ஒத்திக்கு வீடு பிடித்துக்கொடு, வாடகை மிச்சம் என்று கேட்டாளாம். புத்திசாலிப் பெண்.

"ஓனர் எப்படிக்கா?"

"ஒம்போது வருஷத்துல ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல."

"வேற எதாச்சும் குறை உண்டாக்கா? ஒளிக்காம சொல்லிருங்க."

"பின்னாடி சிங்க் அடைக்கும். வாரத்துக்கு ஒருதரம் வெந்நீர் ஊத்தணும். மழை பெஞ்சா ஹால் சன்னல் கீழ கொஞ்சம் கசியும்."

சொன்னதெல்லாம் உண்மை. சிங்கை விடவில்லை, சன்னலை விடவில்லை. சொல்லாதது ஒன்றே ஒன்று. செல்வி சிரித்தாள். "இப்டி குறையெல்லாம் எடுத்துச் சொல்லுத ஆள நான் பாத்ததேயில்லக்கா."

31.5, சனி

இவருக்குச் சொன்னேன். சொல்ல வேண்டியதாகிவிட்டது. கணேசன் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான் என்று இவர் பெருமையாகச் சொன்னபோது முன்பே ஜெராக்ஸ் எடுத்துவைத்த வங்கிக் கடிதத்தை மேசையில் போட்டேன்.

படித்தார். கண்ணாடி போட்டு இன்னொரு முறை.

"தேவகி, அவன் என் பக்கத்து மெஷினு. தெனம் அவன் டப்பால இருந்து புளிசோறு எடுத்துத் தின்றேன்."

"தெரியும்."

"சொல்லிடலாம்."

"சொல்லுங்க. கட்டின நாலு எண்பத்தொண்ணு போவட்டும். எட்டு போவட்டும். ரம்யா நகை வட்டியில முழுகட்டும். ஒரு வருஷத்துல இங்கயும் பூட்டு போடுவான், நாம சட்டிபானையோட ரோட்ல நிப்போம். சொல்லுங்க, போங்க."

"ஒரு வார்த்தைதான்டி. அந்தப் பொண்ணு தப்பிச்சிக்கும்."

"நமக்கு யாரு ஒரு வார்த்தை சொன்னாங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பினார். டப்பாவை எடுக்காமல் போனார்.

அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன், அரிசி கழுவினேன், கோதுமை அரைக்க மிஷினுக்குப் போய் வந்தேன். மூன்றரை மணிக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, சொல்லவில்லை. கைகால் கழுவிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நல்லவர் என்ற பெயர் அவருக்கு. செய்தது நான். அப்படியே இருக்கட்டும்.

2.6, திங்கள்

நாகராஜ் சார் வீட்டில் அக்ரிமெண்ட். இருபது ரூபாய் பத்திரம். டைப் அடித்தது பழைய நகலைப் பார்த்துத்தான். ஓரிடத்தில் எங்கள் பெயரே மாறாமல் இருந்தது, பேனாவால் அடித்துத் திருத்தினார்கள்.

செல்வியின் அப்பா ரயிலேறி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மடியில் துணிப்பை. கட்டு கட்டாக எடுத்து வைத்தார். நாகராஜ் சார் தொட்டு எண்ணக்கூட இல்லை. மேசைமேல் இருந்ததை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். செல்வி அப்பாவின் வயல் அந்த மேசையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒரு நிமிடம் ஆகவில்லை.

"எண்ணிப் பாத்துக்கோங்கம்மா" என்றார் பெரியவர்.

எண்ணினேன். விரல் காய்ந்துபோய் நோட்டு பிரியவில்லை. சரியாக இருந்தது.

பிறகு அவர் சொன்னார். "சாட்சிக்கு நீங்களே ஒரு கையெழுத்து போட்டுருங்கம்மா. ஒம்போது வருசம் இருந்தவுக போட்டா எங்களுக்கும் ஒரு தெம்பு."

காலி செய்கிறவர்கள் சாட்சி போடுவது வழக்கம்தான். எங்களுக்கும் அப்படித்தான் போட்டார்கள். நாகராஜ் சார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வரவில்லை, ஓவர்டைமாம்.

பேனாவை வாங்கினேன். வில்லங்கம் பாருங்கள் என்று இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது என்று எழுதினால் பொய். வரவில்லை. மனதில் ஓடியது ஐந்தாம் தேதி மட்டும்தான். முழுப் பெயர் எழுதி, முகவரி எழுதி, தேதி போட்டேன்.

4.6, புதன்

மீதி கட்டியாச்சு. ஒருநாள் முன்னதாகவே. ஆபீசர் கை குலுக்கினார். "கங்கிராட்ஸ் மேடம். வெள்ளிக்கிழமை சாவி."

கோச் ரசீதோடு ஒரு போட்டோ கேட்டான். குரூப்பில் போட. அனுப்பினேன், சிரித்த மாதிரி. நாற்பது ஐம்பது பேர் கைதட்டினார்கள். வேலூரிலிருந்து ஒருத்தி, "மேடம், நீங்க எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்" என்று எழுதியிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

6.6, வெள்ளி

சாவி வந்தது. சாமான் இரண்டு லோடு. இவர்தான் தூக்கினார். ரம்யாவின் ரூம் எது என்று இப்போது கேட்கவில்லை.

அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை எடுத்தேன். அடியில் ஒரு குழந்தையின் மார்க் அட்டை. மூன்றாம் வகுப்பு. கணக்கில் 92. அம்மா கையெழுத்து: ஷாஹிதா. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியும். பழ வண்டி என்று சொன்னாளே, பஜாரில் கேட்டால் காட்டுவார்கள். இன்னும் போகவில்லை. பகல் முழுக்கக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன், அவள் வந்துவிடுவாளோ என்று.

சொந்த வீட்டில் முதல் நாள். ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். ஒன்றும் அடிக்கவில்லை.

8.6, ஞாயிறு

மேகம், மழை இல்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் ஓசூர். செல்வி பால் காய்ச்சுகிறாள். வர முடியாது, இடுப்பு வலி என்று நேற்றே போனில் சொன்னேன். "நீங்க வராம அடுப்பு பத்த வைக்க மாட்டேன்க்கா" என்று அடம். இவர் வரமாட்டேன் என்றார்.

வாசலில் மாவிலை. நாகராஜ் சாரும் மனைவியும் புதுத் துணியில் வந்து தாம்பாளம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் போய்விட்டார்கள். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கூட்டாளிக்கு ஆட்டுகிற மாதிரி.

செல்வியின் அம்மா தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "நீங்கதான் பத்த வைக்கணும். சொந்த வீட்டுக்குப் போன கை."

நான் எதற்கு, பெரியவங்க நீங்க இருக்கீங்க என்றேன். கேட்கவில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது பற்றியது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, நல்ல சகுனம் என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

செல்வி என் இரண்டு கையையும் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "இதுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிருங்கக்கா. ஒங்க ராசியில கொஞ்சம் இதுக்கும் வரட்டும்."

உள்ளே அசைந்தது. கையை எடுக்க முடியவில்லை, அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். கணேசன் போட்டோ எடுத்தான்.

"இந்த வீட்ல நல்லா இருப்பீங்க" என்றேன்.

சர்க்கரை போட்டு முதல் டம்ளர் பாலை எனக்குத்தான் கொடுத்தாள். குடித்தேன்.